ஒன்பது வருடக் கடனா, தாத்தா வண்டியா?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பாரிலிருந்து என் தங்கை கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. போட்டுக் கொடுத்த தேநீரைக்கூடத் தொடவில்லை.

"அண்ணே, தம்பிக்கு ஷா ஆலாமில வேலை கிடைச்சிருச்சு. பஸ்ஸ நம்பிப் போக முடியாது. கார் எடுக்கணும். நீங்க ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

பையனுக்கு 23 வயது. முதல் வேலை. சம்பளம் 2,800 வெள்ளி. இபிஎஃப், சொக்சோ எல்லாம் பிடித்தபின் கையில் வருவது 2,500க்கும் குறைவு. அவன் பார்த்து வைத்திருந்த கார் 50,000 வெள்ளி. 5,000 முன்பணம், மீதி 45,000 கடன், ஒன்பது வருடம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை எடுத்து, கோப்பின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 45,000க்கு ஒரு வருட வட்டி 1,575. ஒன்பது வருடத்துக்கு 14,175. மொத்தம் 59,175 வெள்ளி. அதை 108 மாதத்தால் வகுத்தால் மாதம் 548. இன்னும் பெட்ரோல், டோல், காப்புறுதி, சர்வீஸ் எதுவும் சேரவில்லை. கடன் முடியும்போது அவனுக்கு 32 வயது.

"அதுக்கு என்ன பண்றது அண்ணே? எல்லாரும் அப்படித்தானே எடுக்கிறாங்க?" என்றாள் தங்கை.

அவள் சொன்னதும் உண்மைதான். நம் ஊரில் வேலைக்குப் போக கார் வேண்டும், கார் வாங்க வேலை வேண்டும். எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டுப் போர்ச்சில் இன்னொரு கார் நின்றுகொண்டிருந்தது. அப்பாவின் 1996ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா இஸ்வாரா, 1.3. கண்ணில் புரை விழுந்ததால் அப்பா ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். 18 மாதமாக அது அசையவே இல்லை. மேலே பழைய கேன்வாஸ், கீழே பூனைக் குடும்பம்.

"தாத்தா வண்டிய எடுத்து ஓட்டட்டும். சரிபண்ற செலவு என்னோடது" என்றேன்.

தங்கையின் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணே, கல்யாண வீட்டுக்கு அந்த ஓட்ட வண்டியில போய் இறங்கினா நாலு பேரு என்ன சொல்வாங்க?" கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு வாரம் தொலைபேசியில்கூடப் பேசவில்லை. மூன்றாவது வாரம் பையன்தான் மோட்டார் சைக்கிளில் வந்தான். "மாமா, அந்த சாகா ஓடுமா?" என்று கேட்டான்.

சாகாவைப் பற்றி இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. 1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமான நம் நாட்டின் முதல் தேசியக் கார் அது. அதே வருடத்தில்தான் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. எஞ்சினும் அடிப்படை வடிவமைப்பும் மிட்சுபிஷியிடமிருந்து வந்தவை. 1992இல் வந்த இஸ்வாரா அதன் தம்பி. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். அப்பாவும் அப்படித்தான், லோரி ஓட்டிய சம்பளத்தில் வாங்கினார். "ஏழு வருஷம் அது பேங்கு வண்டி. அப்புறந்தான் என் வண்டி" என்று இப்போதும் சொல்வார்.

டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தால் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு 555 நோட்டுகள். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றிய தேதி, கிலோமீட்டர், பிளக் மாற்றியது, டயர் மாற்றியது, கொடுத்த காசு என எல்லாம் அவர் கையெழுத்தில். கடைசி வரியில் "டைமிங் பெல்ட் மாத்தணும்" என்று இருந்தது. அதை மாற்றவில்லை. அதற்குள் கண் மங்கிவிட்டது.

அந்த வரி எங்களுக்குப் பெரிய உதவி. பழைய கார் வாங்குகிறவர்களின் முதல் பிரச்சினையே, இதற்கு முன் என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்று தெரியாததுதான். வீட்டுக்குள்ளேயே இருக்கும் வண்டியில் அந்தக் கவலை பாதி குறையும்.

நீண்ட நாள் நின்ற வண்டியை எடுத்தவுடன் சாவி போட்டு முறுக்கக்கூடாது. பட்டறையில் போமன் அண்ணன் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம் அது. பழைய எஞ்சின் எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றினார். டாங்கியில் கெட்டுப்போயிருந்த பெட்ரோலை இறக்கினார். பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் சில துளி எண்ணெய் விட்டு, ஸ்பேனர் போட்டுக் கையாலேயே எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். இறுகாமல் சுற்றியது. எலி கடித்த வயர்களை மாற்றினார். காய்ந்து வெடித்திருந்த பெட்ரோல் குழாய்களையும் மாற்றினார். அதற்குப் பிறகுதான் புது பேட்டரி வைத்து முறுக்கினார். நான்காவது முறை பிடித்துக்கொண்டது. கருப்புப் புகை, பிறகு வெள்ளைப் புகை, பிறகு ஒழுங்காக ஓடத் தொடங்கியது. பையன் கைதட்டினான்.

"தம்பி, கைதட்டாத. ஓடுற வண்டி பெரிசில்ல. நிக்கிற வண்டிதான் பெரிசு" என்றார் போமன்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் போதுமென்றால், அது இதுதான். பழைய வண்டிக்குச் செலவு செய்வதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நிற்க வேண்டும்: பிரேக், டயர். அடுத்து சூடாகாமல் இருக்க வேண்டும்: ரேடியேட்டர், குழாய்கள், தண்ணீர்ப் பம்பு. அடுத்து நேராகப் போக வேண்டும்: ஸ்டீயரிங், அப்சார்பர், கீழே உள்ள புஷ்கள். நான்காவதுதான் நன்றாக ஓடுவது. ஐந்தாவது அழகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எங்கள் பையனும் முதல் நாளே கைப்பேசியில் ஸ்போர்ட் ரிம் படத்தைக் காட்டினான்.

பிரேக்கில் முன்பக்க டிஸ்க் பேடுகள், பின்பக்க டிரம் ஷூக்கள், கசிந்துகொண்டிருந்த வீல் சிலிண்டர்கள், பிரேக் எண்ணெய் எல்லாமே மாற்றினோம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதில் தண்ணீர் சேர்ந்தால், சூட்டில் ஆவியாகி, மிதித்த பெடல் அப்படியே உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

டயர்களில் பூ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தோம். உதாரணமாக 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. அப்பாவின் டயர்களுக்கு வயது பத்தைத் தாண்டியிருந்தது. பூ இருந்து என்ன பயன்? ரப்பர் இறுகிவிட்டால் மழையில் பிடிக்காது. நான்கையும் மாற்றினோம்.

ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே தே ஓ நிறத்தில் தண்ணீர். கூலன்ட் ஊற்றாமல் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளே துருப்பிடிக்கும். இன்னொன்றும் தெரிய வந்தது. யாரோ ஒருவர் எப்போதோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார். வண்டி சூடாகிறது என்று சொன்னால் சில பட்டறைகளில் செய்யும் வேலை இது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரைத் தடுத்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்தபடியே ஓடி, பெட்ரோலைக் குடிக்கும். புதிதாக ஒன்று போட்டோம்.

பெல்ட்டும் மாறியது. அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். பெல்ட்டை மாற்றும்போதே டென்ஷனரையும் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலி ஒரே கூலிதான்.

பையனிடம் ஒரு புது 555 நோட்டு வாங்கிக் கொடுத்து எழுதச் சொன்னேன். பேட்டரி 180. பெட்ரோல் குழாய்களும் பம்பும் 150. பிரேக் 450. நான்கு டயர் 600. ரேடியேட்டர், குழாய்கள், தெர்மோஸ்டாட், கூலன்ட் 420. பெல்ட், டென்ஷனர், தண்ணீர்ப் பம்பு 380. பிளக், கேபிள், ஃபில்டர், எண்ணெய் 260. அப்சார்பர், புஷ்கள் 590. ஆக மொத்தம் 3,030 வெள்ளி. அந்தப் புதுக் காரின் ஐந்தரை மாதத் தவணை.

இந்த விலைக்கு முடிந்ததற்குக் காரணம் உண்டு. சாகா, இஸ்வாரா, வீரா மூன்றிலும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள் ஓடின. அதனால் உதிரிபாகம் எந்த ஊர் ஸ்பேர்பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். ஹாஃப் கட் கடைகளில் பழைய பாகங்களும் உண்டு. கதவு, கண்ணாடி, விளக்கு போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்டதையும் ரப்பரால் ஆனதையும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள்.

அப்படியே எல்லாம் சரியாக நடந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் முதல் வாரமே வண்டி கூட்டரசு நெடுஞ்சாலையில் நின்றது. தப்பு என்னுடையது. ரேடியேட்டர் மாற்றியபோது போமன், "மூடியையும் மாத்திடலாம், 15 வெள்ளிதான்" என்றார். "பழைய மூடி நல்லாத்தானே இருக்கு?" என்று நான் தடுத்துவிட்டேன். 3,000 வெள்ளி செலவு செய்தவன் 15 வெள்ளியில் கணக்குப் பார்த்தேன்.

அந்த மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியே போய்விடும். மாலை நெரிசலில் அதுதான் நடந்தது.

நல்லவேளை, பையனுக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டினால், ஏர்கோன் நிறுத்து, ஓரம் கட்டு, எஞ்சினை அணை, சூட்டில் மூடியைத் திறக்காதே, எனக்குக் கூப்பிடு. அப்படியே செய்தான். இன்னும் ஐந்து நிமிடம், பக்கத்து எண்ணெய் நிலையம்வரை போய்விடலாம் என்று ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் எரிந்து, இன்னொரு ஆயிரம் வெள்ளிக்கு மேல் போயிருக்கும். பழைய வண்டிகள் பெரும்பாலும் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் சாகின்றன. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, புது மூடி போட்டு வீட்டுக்கு வந்தோம். அன்று இரவு தங்கை தொலைபேசியில் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

இப்போது 14 மாதம் ஆகிறது. காப்பாரிலிருந்து ஷா ஆலாம் போய்வர ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர். இந்த 14 மாதத்தில் ஆல்டர்னேட்டர், கிளட்ச், ஏர்கோன் கசிவு என்று மேலும் 1,870 வெள்ளி செலவானது. முதல் செலவோடு சேர்த்து 4,900. புதுக் கார் எடுத்திருந்தால் இதே 14 மாதத்தில் தவணை மட்டும் 7,672. மிச்சம் 2,772 வெள்ளி. கட்டாமல் விட்ட முன்பணம் 5,000 தனி.

பெட்ரோலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாகா லிட்டருக்கு 11 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. மாதம் 100 லிட்டர். புதுக் கார் 60, 65 லிட்டரில் முடித்துவிடும். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தால் மாதம் 70, 80 வெள்ளி கூடுதல். அதையும் கழித்தால் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம்தான். முதல் வருடத்தில்தான் செலவு அதிகம், இனிக் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனாலும் பழைய காரால் பணக்காரன் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உண்மையான பலன் ஒன்பதாவது மாதத்தில் தெரிந்தது. அவன் வேலை பார்த்த இடத்தில் ஆள்குறைப்பு. கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே. இரண்டரை மாதம் வேலை இல்லை. அந்த இரண்டரை மாதமும் சாகாவுக்குப் பெட்ரோலைத் தவிர வேறு செலவு இல்லை. அதிலேயே நேர்முகத் தேர்வுகளுக்குப் போனான். சுபாங்கில் புது வேலை கிடைத்தது, முந்தையதைவிட 300 வெள்ளி கூடுதலாக. "மாமா, தவணை இருந்திருந்தா முதல்ல கிடைச்ச வேலையையே எடுத்திருப்பேன். சம்பளம் குறைவுன்னாலும் வேற வழியில்ல" என்றான்.

வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை கட்டாவிட்டால், உரிய அறிவிப்புக் கொடுத்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள இடமுண்டு. எடுத்து விற்றபின் கடன் மீதி இருந்தால் வாங்கியவரிடமும் ஜாமீன் போட்டவரிடமும் வருவார்கள். அதாவது, வேலை இல்லாத பையன், கார் இல்லாத வீடு, என் பெயரில் ஒரு கடன், பேசாத தங்கை. அந்த இரண்டரை மாதத்தில் இரவில் எனக்குத் தூக்கம் வந்ததற்கு அந்தப் பழைய வண்டிதான் காரணம்.

ஆனால் எல்லாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். இந்த சாகாவில் காற்றுப்பை இல்லை, ஏபிஎஸ் இல்லை, குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் இல்லை. மோதினால் இன்றைய கார் காப்பாற்றும் அளவுக்கு இது காப்பாற்றாது. கைக்குழந்தை உள்ள இளம் பெற்றோர் முடிந்தால் இன்னும் புதிய காராகவே பாருங்கள். எங்கள் வீட்டில் சில கட்டுப்பாடுகள் உண்டு. பின்னால் உட்காருபவரும் பெல்ட் போட வேண்டும். இரவு மழையில் பிளஸ் நெடுஞ்சாலைப் பயணம் கிடையாது. ஈப்போ, பினாங்கு போவதென்றால் என் கார், இல்லையென்றால் பஸ், ரயில்.

இன்னொன்று. நம் நாட்டில் லோரி, பேருந்து, டாக்சி போன்றவற்றுக்குத்தான் குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை பரிசோதனை கட்டாயம். சொந்தக் காரைப் பெயர் மாற்றும்போது நடக்கும் பரிசோதனையில் சேசி எண், எஞ்சின் எண் கிராண்டோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அதில் தேறியதாலேயே வண்டி நல்ல வண்டி ஆகிவிடாது. அந்தப் பொறுப்பு நம்முடையது.

வீட்டில் வண்டி இல்லை, வெளியே வாங்கப் போகிறீர்கள் என்றால், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே மைலோ பால்போல் இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். விட்டுவிடுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கார்ப்பெட்டைத் தூக்கித் தரையில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைச் சரிசெய்யலாம், ஓட்டை விழுந்த தரையைச் சரிசெய்வது சிரமம். சம்மன் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வண்டி விலைக்கு மேல் 3,000 வெள்ளி கையில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வாங்கியபின் மாதம் 200 வெள்ளியை வண்டிக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். சாலை வரி பெரிய சுமை இல்லை. மேற்கு மலேசியாவில் 1.3 காருக்கு வருடம் 70 வெள்ளி, காஞ்சில் போன்ற 1,000 சிசிக்குக் குறைந்த வண்டிக்கு 20 வெள்ளி.

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் சாகா வந்து நின்றது. முன்சீட்டில் அப்பா, பின்சீட்டில் தங்கை, பட்டுப்புடவையோடு. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. பானெட்டில் வெயில் தின்ற வெள்ளைத் திட்டு அப்படியே இருக்கிறது. யாரோ ஒருவர் வண்டியைப் பார்த்து, "இன்னும் ஓடுதா இது?" என்று கேட்டார். தங்கை இறங்கிக்கொண்டே பதில் சொன்னாள்: "தவணை இல்லாம ஓடுது."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்துக்குள் போகுமுன் பையனைக் கூப்பிட்டு, "எண்ணெய் மாத்தி எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். பையன் நோட்டைப் பார்க்காமலே சொன்னான்.

உங்கள் வீட்டுப் போர்ச்சிலும் கேன்வாஸ் போட்ட ஒரு வண்டி நின்றால், இரும்புக் கடைக்குத் தள்ளுவதற்கு முன் ஒரு நல்ல போமனிடம் காட்டிப் பாருங்கள். அடுத்த வாரம், பழைய வண்டிக்கு எந்தக் காப்புறுதி எடுப்பது, 55 விழுக்காடு வரை கிடைக்கும் என்சிடி கழிவை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று பார்ப்போம்.